ப்ராசசரில் கை வைக்கும் முன்: வாரண்டி எங்கே நிற்கும், எங்கே அறுந்துபோகும்

ப்ராசசர் வாரண்டி என்றதும் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "கூலரைக் கழற்றினாலே வாரண்டி போச்சு" என்று பயமுறுத்துவது ஒரு கட்சி. "என்ன செய்தாலும் கம்பெனிக்கு எப்படித் தெரியும்?" என்று தைரியம் சொல்வது இன்னொரு கட்சி. முதல் கட்சியை நம்பினால் செய்யலாம் என்றிருக்கும் காரியத்தைக்கூடச் செய்ய மாட்டீர்கள். இரண்டாவதை நம்பினால் கையில் மிஞ்சுவது சாவிக்கொத்தில் பதக்கமாகத் தொங்கவிட மட்டுமே உதவும் ஒரு செத்த சிப்.

நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. சில தடயங்களைத் துடைத்தால் போய்விடும். சில சிப்போடு ஒட்டிக்கொள்ளும். சில, சிப்பின் அடையாளத்தையே அழித்துவிடும். ஆகவே எளிதில் திரும்பப் பெறக்கூடிய மாற்றத்தில் தொடங்கி, திரும்ப வழியில்லாத மாற்றத்தை நோக்கிப் படிப்படியாகப் போவதுதான் புத்திசாலித்தனம். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: வாரண்டி யாருடையது?

இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பெட்டியில் வரும் டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்குப் பொதுவாக 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. இது தயாரிப்பாளரே நேரடியாகத் தருவது. ஆனால் சந்தையில் 'ட்ரே' ப்ராசசர் என்று ஒன்று உண்டு. கணினி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போக வேண்டிய சரக்கு அது. தட்டில் அடுக்கி வரும், சில்லறையில் பெட்டியில்லாமல் கைக்கு வரும். சிப் அதேதான், வேகத்தில் குறையில்லை. ஆனால் தயாரிப்பாளரிடம் போய் நின்றால் "வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்பார்கள். விற்றவர் ஓராண்டு தருகிறேன் என்று பில்லில் எழுதியிருந்தால் உங்களுக்கு இருப்பது அந்த ஓராண்டுதான். முழுக்கணினியாக வாங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ப்ராசசருக்கும் கணினி தயாரிப்பாளரே பொறுப்பு.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வாரண்டி எழுத்தில் பெரும்பாலும் 'முதலில் வாங்கியவர்' என்றே இருக்கும். காலம் மிச்சமிருப்பது வேறு, அது உங்களுக்குச் செல்லுவது வேறு.

தயாரிப்பாளர் தரும் வாரண்டிக்கு வெளியே சட்டம் தரும் பாதுகாப்பும் உண்டு. நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் பழுதானால் விற்றவரே குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் பொறுப்பு. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டப்படி, "எங்கள் பிராண்ட் உதிரிபாகத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்" என்று வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. 'பிரித்தால் வாரண்டி செல்லாது' என்ற ஸ்டிக்கர்களைப் பற்றி 2018-ல் அங்குள்ள வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ சிப்பின் உலோக மூடியையே பெயர்க்கலாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் கைவேலையால் வந்த சேதத்துக்கு எந்தச் சட்டமும் இன்னொருவரைப் பணம் கட்டச் சொல்வதில்லை.

படி 2: பேஸ்ட் தடவும் முன் படம் எடுங்கள்

பேஸ்ட் என்பது சிப்புக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையே தடவும், வெப்பம் கடத்தும் பசை. இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தால்கூடப் போதும் என்பேன். ஒரே ஒரு நிமிட வேலை.

ப்ராசசரின் மேலுள்ள உலோக மூடியில் லேசரால் எழுத்துகள் பொறித்திருக்கும். மாடல் பெயரோடு தொகுதி எண்ணும் இருக்கும். இன்டெலில் இதை எஃப்பிஓ எண் என்பார்கள். கூடவே தனிச் சிப்பை அடையாளம் காட்டும் ஏடிபிஓ எண்ணும் ஒரு சிறு சதுரக் குறியீடும் இருக்கும்; சமீபத்திய சிப்களில் குறியீட்டைப் பச்சைப் பலகையின் ஓரத்தில் பார்க்கலாம். ஏஎம்டி சிப்பிலும் தொடர் எண் மூடியில்தான். வாரண்டி கேட்டுப் போனால் முதல் கேள்வியே இந்த எண்கள்தான். பல நேரம் சிப்பின் தெளிவான படத்தையும் கேட்பார்கள். கூலர் மாட்டிய பிறகு படம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

சிப்பின் மேற்புறம், கீழ்ப்புறம், மதர்போர்டு சாக்கெட், பெட்டியின் எண் ஒட்டிய பக்கம், பில், எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணும் சிப்பில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று அப்போதே பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ சிப்பை மாற்றியிருக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டிய நேரம் அன்றைக்கேதான். சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் தொப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். பிறகு போர்டை வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால், அந்தத் தொப்பி இல்லாமல் பல நிறுவனங்கள் வாங்குவதில்லை.

படி 3: முதல் சில வாரம் எதையும் தொடாதீர்கள்

பிறவிக் குறை உள்ள சிப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். பயாஸை (கணினியை எழுப்பும் மதர்போர்டு மென்பொருள்) இயல்பு நிலையில் வைத்து, ராமை அதன் அடிப்படை வேகத்திலேயே விட்டு, வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். ஓரிரவு மெமரி சோதனை, சில மணி நேரம் முழுச்சுமைச் சோதனை. இன்டெல் என்றால் அவர்களே தரும் ப்ராசசர் சோதனைக் கருவியையும் ஒருமுறை ஓட்டுங்கள். வெப்பநிலை எவ்வளவு வருகிறது என்று குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் பிறகு மாற்றம் செய்தால், நன்மை வந்ததா என்பதே உங்களுக்குத் தெரியாது.

இந்தக் கட்டத்தில் கோளாறு தெரிந்தால் விற்றவரிடம் மாற்றிக்கொள்வது சுலபம். மாற்றங்கள் செய்த பிறகு தெரிந்தால், குறை யாருடையது என்ற வழக்கு தொடங்கிவிடும்.

படி 4: பேஸ்ட், கூலர்

தெர்மல் பேஸ்ட் மாற்றுவது பராமரிப்பு. சாதாரண பேஸ்ட் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தால் போய்விடும், தடயமும் இருக்காது. வேறு நிறுவனக் கூலர் மாட்டுவதும் அன்றாடம் நடப்பதுதான். பல ப்ராசசர்கள் கூலர் இல்லாமலே விற்கப்படுகின்றன. ஆனாலும் ஒரு வேடிக்கை உண்டு. கூலரோடு வரும் ஏஎம்டி பெட்டிகளின் வாரண்டி எழுத்தில், கூட வந்த கூலரைத் தவிர வேறு எதை மாட்டினாலும் வாரண்டி செல்லாது என்ற வரி நீண்ட காலம் இருந்துவந்தது. எழுத்து அப்படி, நடைமுறை இப்படி. நான் செய்வது: பெட்டியோடு வந்த கூலரைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்துவிடுவேன்.

இந்தப் படியில் உண்மையான ஆபத்து கைநழுவல்தான். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் சிப்களில் 1331 பின்கள் சிப்பிலேயே இருக்கும். பழைய பேஸ்ட் இறுகிப்போன கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கும் ஒருமுறை வந்திருக்கிறது. நான்கைந்து பின்கள் சாய்ந்துவிட்டன. காலி மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன், தப்பித்தது. வளைந்த பின் என்பது வாரண்டியில் நேரடி விலக்கு, இதில் வாதாட ஒன்றுமில்லை. கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் சுமையில் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறும் முன் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவியுங்கள். எல்ஜிஏ வகையில் (இன்டெலின் சமீபத்திய சாக்கெட்டுகளும் ஏஎம்டியின் ஏஎம்5-உம்) பின்கள் மதர்போர்டில் இருப்பதால் ஆபத்து அங்கே இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

படி 5: பயாஸில் செய்யும் மாற்றங்கள்

ஸ்க்ரூ டிரைவரே தேவைப்படாத இந்த இடத்தில்தான் அதிகம் பேர் அறியாமலே எல்லை தாண்டுகிறார்கள். ராமுக்கு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ சுயவிவரத்தை (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் தயார் அமைப்பு) இயக்குகிறோம். ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறது, மதர்போர்டு ஆதரிக்கிறது, எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகபட்ச டிடிஆர்5 வேகம் 5200. அதைத் தாண்டினால் உங்கள் ராமோடு ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கட்டுப்பாட்டகமும் ஓவர்கிளாக் ஆகிறது, அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓடுகிறது. இன்டெலின் எக்ஸ்எம்பி குறிப்பும் இதையே சொல்கிறது: விவரக்குறிப்பைத் தாண்டி ஓட்டினால் வாரண்டி பொருந்தாமல் போகலாம். ஏஎம்டியின் பிபிஓ-வும் (மின்சக்தி வரம்பைத் தளர்த்தி வேகம் கூட்டும் வசதி) இதே கணக்கில்தான் சேரும், அவர்களே மென்பொருளில் பொத்தான் வைத்துத் தந்திருந்தாலும்.

இது வெறும் காகித ஆபத்து இல்லை என்பது 2023 ஏப்ரலில் தெரிந்தது. சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டிலேயே கருகி, அடிப்புறம் உப்பிய படங்கள் வெளிவந்தன. எக்ஸ்போவை இயக்கியதும் சில போர்டுகள் எஸ்ஓசி மின்னழுத்தத்தை (சிப்பில் மெமரி கட்டுப்பாட்டகம் இருக்கும் பகுதிக்குப் போவது) தாங்களாகவே அதிகம் ஏற்றியது விசாரணையில் முக்கியமாக அடிபட்டது. அதன்பின் வந்த பயாஸ் பதிப்புகளில் அது 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டுப்படுத்தியது. பயனர் செய்தது ஒரே ஒரு தட்டு.

"ஓவர்கிளாக் செய்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2023 நவம்பரில் ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் 7000 ப்ராசசர்கள் வந்தபோது, ஓவர்கிளாக்கை இயக்கினால் சிப்புக்குள் நிரந்தரமாக ஒரு ஃபியூஸ் எரியும் என்று தெரியவந்தது. ஒரே களேபரம். ஏஎம்டி கொடுத்த விளக்கம் படிக்க வேண்டியது: ஃபியூஸ் எரிவதால் வாரண்டி ரத்தாகாது, ஓவர்கிளாக்கால் ஏற்பட்ட சேதத்துக்குத்தான் வாரண்டி கிடையாது. அதாவது ஓவர்கிளாக் செய்த சிப்பில் அதற்குச் சம்பந்தமில்லாத பழுது வந்தால் கதவு மூடவில்லை. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் இன்டெல் இதற்கே தனியாகக் காப்பீடு விற்றது. 2012-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சிறு தொகை கட்டினால், ஓவர்கிளாக்கில் சிப்பை எரித்தாலும் ஒருமுறை மாற்றித் தருவார்கள். 2021-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அப்படி வலை கிடையாது.

என் யோசனை இது. பயாஸைப் புதுப்பித்துவிட்டு எக்ஸ்எம்பியை இயக்குங்கள், ஆனால் இயக்கிய உடனே மின்னழுத்தங்கள் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று ஒரு கண்காணிப்பு மென்பொருளில் பாருங்கள். மின்னழுத்தத்தை ஏற்றி வேகம் தேடும் பழைய பாணி ஓவர்கிளாக் இன்று கூலிக்குக் கட்டுப்படியாகாது. 1998-ல் இன்டெலின் 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பான செலரான் 300ஏ 450 மெகாஹெர்ட்ஸில் ஓடிய காலம் போய்விட்டது. இன்றைய சிப்கள் தொழிற்சாலையிலிருந்தே விளிம்பில் ஓடிக்கொண்டுதான் வருகின்றன. அண்டர்வோல்ட் செய்வதோ (மின்னழுத்தத்தைக் குறைப்பது), மின்சக்தி வரம்பைக் குறைப்பதோ வெப்பத்தையும் சத்தத்தையும் குறைக்கும், சிப்பையும் எரிக்காது. அண்டர்வோல்ட்டில் வரும் ஒரே தொல்லை நிலையின்மை. அமைப்பை இயல்புக்குத் திருப்பினால் அதுவும் போய்விடும்.

படி 6: சாக்கெட்டின் பிடியை மாற்றுதல்

2021-ல் இன்டெல் 12-ஆம் தலைமுறையோடு எல்ஜிஏ1700 சாக்கெட் வந்தது. நீளமான சிப்பை அதன் பூட்டு இரு பக்கமும் நடுவில் மட்டும் அழுத்துவதால் மூடி லேசாகக் குழிந்து, கூலர் நடுவில் சரியாக உட்காராமல் போனது. முதலில் வாஷர் வைத்தார்கள். பிறகு பூட்டையே கழற்றிவிட்டு நாலாபுறமும் சமமாக அழுத்தும் 'கான்டாக்ட் ஃப்ரேம்' சந்தைக்கு வந்தது. சில டிகிரி குறையும். இன்டெல் 2022-ல் சொன்னது: அந்த வளைவு விவரக்குறிப்புக்குள் அடங்கியதே, பூட்டை மாற்றினால் ப்ராசசர் விவரக்குறிப்புக்கு வெளியே போகும், வாரண்டியும் போகலாம்.

சிப்பில் கீறல்கூட விழாது, பழைய பூட்டைத் திரும்ப மாட்டிவிடலாம் என்பதால் இது நடுத்தர ஆபத்து. செய்வதானால் போர்டைப் படுக்க வைத்து, டி20 டார்க்ஸ் முனையால் நான்கு திருகுகளையும் கழற்றி எடுத்து வையுங்கள். ஃப்ரேமின் திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கால்கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கம் தப்பினால் சிப் கெடாது. ஆனால் இரண்டு ராமில் ஒன்று கணினிக்குத் தெரியாமல் போகும், அல்லது போர்டு எழவே மறுக்கும். கொஞ்சம் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகும்.

படி 7: திரும்பி வராத வேலைகள்

லிக்விட் மெட்டல் இந்த வாசலில் நிற்கிறது. காலியம் கலந்த உலோகக் கலவை. வெப்பத்தைக் கடத்துவதில் சாதாரண பேஸ்ட் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அலுமினியத்தைத் தின்றுவிடும், மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி சாக்கெட்டில் விழுந்தால் போர்டு போச்சு. மூடியில் தடவினால் கறை பிடித்து, காலப்போக்கில் லேசர் எழுத்துகள் மங்கிப் படிக்க முடியாமல் போகும். படி 2-ல் படம் எடுக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? அதுவும் இங்கே பாதிதான் உதவும். படத்தில் எண் இருந்தாலும், அனுப்பிய சிப்பில் எண் இல்லை என்றால் இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

மூடியை உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்துவது 'லேப்பிங்'. கண்ணாடிப் பலகை மேல் தாளை விரித்து, 400-ஆம் எண் சொரசொரப்புத் தாளில் தொடங்கி 2000-ஆம் எண் நைசுத் தாள் வரை போவார்கள். நிக்கல் பூச்சு போய்ச் செம்பு பளபளக்கும். அழகுதான். முதல் பத்து இழுப்பிலேயே தொகுதி எண் தூளாகிவிடும். வாரண்டியை உங்கள் கையாலேயே தேய்த்து அழிக்கும் வேலை என்று சொன்னால் அது உவமை இல்லை, உள்ளபடியே அதுதான் நடக்கிறது.

கடைசியில் மூடியைப் பெயர்த்தெடுக்கும் 'டீலிட்'. இதன் பொற்காலம் 2012-ல் தொடங்கியது. 2011-ன் சாண்டி பிரிட்ஜில் மூடியைச் சிப்போடு சால்டர் செய்திருந்த (உருக்கிய உலோகத்தால் ஒட்டியிருந்த) இன்டெல், அடுத்த ஆண்டின் ஐவி பிரிட்ஜில் பேஸ்ட்டுக்கு மாறியது. பசையின் தடிப்பால் மூடிக்கும் சிப்புக்கும் இடையே இடைவெளியும் கூடியது. பிளேடால் பசையை அறுத்து மூடியைக் கழற்றி, லிக்விட் மெட்டல் வைத்தவர்களுக்கு 10, 20 டிகிரி குறைந்தது. அது உண்மையிலேயே லாபமான வேலை. 2018-ல் ஐ9-9900கே-யோடு சால்டர் திரும்பி வந்ததும் கணக்கு மாறிவிட்டது. சால்டரில் இருக்கும் இண்டியம் 157 டிகிரியை ஒட்டித்தான் உருகும். சூடேற்றியோ, கருவியில் பக்கவாட்டில் நெட்டித் தள்ளியோதான் எடுக்க வேண்டும். ஏஎம்5-ல் மூடியின் எட்டுக் கால்களுக்கு நடுவே குட்டி கெபாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைச் சீவிவிட்டால் கதை முடிந்தது. தடித்த மூடி என்பதால் அங்கே 20 டிகிரி வரை குறைத்துக் காட்டியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூடியில்லாத சிப்பின் மூலை, கூலரின் சாய்ந்த அழுத்தத்தில் உடையும். 2000-களின் தொடக்கத்தில் மூடியே இல்லாமல் வந்த ஏத்லான் சிப்களில் இப்படி மூலை உடைத்தவர்கள் ஏராளம். (அதே ஏத்லானில் சிப்பின் மேலிருந்த எல்1 என்ற இணைப்புப் புள்ளிகளைப் பென்சில் கிராஃபைட்டால் இணைத்து வேகப் பெருக்கியைத் திறந்தார்கள். ரப்பரால் அழித்தால் தடயமும் போய்விடும்! அதைவிட நாகரிகமான மாற்றம் இன்றுவரை வரவில்லை.)

டீலிட் செய்த சிப்புக்குத் தயாரிப்பாளர் வாரண்டி கிடையாது. மூடியைத் திரும்ப ஒட்டி அனுப்பலாம் என்று யோசிப்பவர்களுக்கு: வேறு பசை, வேறு இடைவெளி, உள்ளே வேறு உலோகம், பார்த்த மாத்திரத்தில் தெரியும். அது ஏமாற்று வேலையும்கூட. சிப்பின் முழு விலையையும் இன்றே இழந்தாலும் தூக்கம் கெடாது என்றால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள்.

படி 8: பழுது வந்தால்

முதலில் எல்லா மாற்றங்களையும் திருப்புங்கள்: பயாஸ் இயல்பு நிலை, எக்ஸ்எம்பி அணைப்பு, அண்டர்வோல்ட் நீக்கம். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். பிறகு ராமை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். முடிந்தால் வேறு போர்டில் சிப்பைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் வன்பொருள் பிழைகள் வரிசையாக நின்றால், இயல்பு நிலையிலும் அவை தொடர்ந்தால், சந்தேகம் ப்ராசசர் மேல் திரும்பும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். தேவைக்கு மேல் ஏறிய மின்னழுத்தத்தால் இந்தச் சிப்கள் காலப்போக்கில் நலிவடைந்தன. விளையாட்டு தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று வந்த செய்தி அதன் பிரபலமான அறிகுறி. கிராஃபிக்ஸ் கார்டைப் பழித்து மாற்றியவர்களும் உண்டு. இதைச் சரிசெய்ய 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோடும் (பயாஸ் வழியே ப்ராசசருக்குப் போகும் திருத்தம்) செப்டம்பரில் 0எக்ஸ்12பி-யும் வந்தன. கூடவே, பாதிக்கப்பட்ட பெட்டிச் சிப்களின் வாரண்டியை 2 ஆண்டு நீட்டி 5 ஆண்டாக்கினார்கள். புதிய மைக்ரோகோடு இனிமேல் வரும் சேதத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே நலிந்த சிப்பைக் குணமாக்காது. அதற்கு மாற்றிக்கொள்வதே வழி.

வாரண்டி விண்ணப்பத்தில் என்னென்ன சோதித்தீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். "ஓவர்கிளாக் செய்தீர்களா?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், அதோடு இயல்பு நிலையிலும் பிழை வருவதற்கான ஆதாரத்தைச் சேருங்கள், அதுதான் உங்கள் வழக்கின் பலம். சிப்பைச் சுத்தமாகத் துடைத்து, அது வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே வைத்து அனுப்புங்கள். வெறும் துணியிலோ பஞ்சிலோ சுற்றி அனுப்பிய சிப், பின் வளைந்து போய்ச் சேர்ந்தால் 'பயனர் சேதம்' என்று திரும்பி வரும்.

மாற்றுச் சிப் வந்ததும் அதன் எண் வேறாக இருக்கும், உங்கள் பில்லில் இருப்பது பழைய எண். புதியதைப் படமெடுத்து, மாற்றித் தந்த மின்னஞ்சலோடும் பழைய பில்லோடும் ஒரே கோப்பில் போட்டுவிட்டு, பிறகு பேஸ்ட்டைத் திறங்கள்.